வாழ்த்தும் விசுவாசமும்

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, சற்றே கண்ணயர்ந்து நாங்கள் எழும்போது, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான முதல் வாழ்த்து அவர் வாயிலிருந்துதான் வரும். தீபாவளியன்று அவர் வீட்டு முறுக்கும் அதிரசமும் எங்கள் வீட்டுக்கு வரும். "ரொம்ப நன்றி ஐயா" என்பேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளியன்று, தட்டை நீட்டியபடியே அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "பலகாரத்துக்கு நன்றி சொல்கிறீர்கள், சரி. பண்டிகைக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே?" அந்தச் சிரிப்பில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அது என்னை உறுத்தியது.

ஏன் சொல்லவில்லை? நரகாசுரன் கதையை நான் ஏற்பதில்லை. ஏற்காத ஒன்றின் நாளுக்கு வாழ்த்துக் கூறினால் விசுவாசத்தை மறுதலித்தவன் ஆவேனோ என்ற அச்சம். செபக் கூட்டம் ஒன்றில் கேட்ட உரையும் மனத்தில் கிடந்தது. கிறிஸ்துவின் போதனையைக் கொண்டு வராதவருக்கு வாழ்த்தும் கூற வேண்டாம் எனப் புனித யோவானின் இரண்டாம் திருமுகம் சொல்கிறதே என்றார் உரையாற்றியவர். சொல்வது உண்மைதான். ஆயினும் அத்திருமுகம் பதின்மூன்றே வசனங்கள் கொண்டது. முழுதும் படிக்க அதிக நேரம் ஆகாது. இயேசு கிறிஸ்து ஊனுடலில் வந்தார் என்பதை மறுத்துக்கொண்டே, போதகராய் வீடுதேடி வந்தவர்களைப் பற்றியது அது. என் அண்டை வீட்டார் போதிக்க வரவில்லை; முறுக்குக் கொண்டு வந்தார்.

நம் ஆண்டவரோ மலைப்பொழிவில், சகோதரருக்கு மட்டும் வாழ்த்துக் கூறுவோர் மற்றவர்களைவிட மேலாக எதைச் செய்துவிட்டனர் எனக் கேட்கிறார். சீடரை அனுப்பும்போதும், எவ்வீட்டில் நுழைந்தாலும் முதற்சொல்லாக அமைதியை வாழ்த்தப் பணிக்கிறார். உள்ளே இருப்பவர் யாரென விசாரித்த பின்னர் அன்று. உரியவர் இருந்தால் அது அங்கே தங்கும். இல்லையேல் வாழ்த்தியவரிடமே திரும்பும்.

இந்தக் குழப்பத்தை ஒரு நாள் ஆசிரியரிடமே வெட்கத்தோடு சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, இலக்கணம் நடத்தினார். "'வாழ்க' என்பது வியங்கோள் வினைமுற்று சார். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பொருள்களில் வருவது. உள்ளது, இல்லது என்று அது எதையும் உரைப்பதில்லையே" என்றார். எண்ணிப் பார்த்தேன். விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்லும் வினை வேறு. அங்கே நம்பாததைச் சொன்னால் பொய். வாழ்த்து எப்போது பொய்யாகும்? எதிரில் நிற்பவரின் நலத்தை உள்ளபடி விரும்பாதபோது மட்டுமே. இந்த உரைகல்லில் உரைத்தால் நம் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்களில் எத்தனை தேறும் என்பது வேறு கேள்வி. முதல் கிறிஸ்துமஸ் அட்டை எனக் கருதப்படுவது 1843இல் ஹென்றி கோல் என்பார் இலண்டனில் அச்சிடுவித்தது. அதில் மாட்டுக் குடிலும் இல்லை, பாலனும் இல்லை. ஒரு குடும்பம் மதுக்கிண்ணம் ஏந்தி விருந்துண்ணும் காட்சிதான். நல்லவேளை, இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் அளிக்கும் படங்களைச் சேர்த்தார்கள்.

திருச்சபை எனக்கு முன்பே தயக்கத்தைக் கடந்திருந்தது. 1967 முதல் இரமலான் நோன்பின் முடிவில் இசுலாமியருக்கும், 1995 முதல் தீபாவளியை முன்னிட்டு இந்துக்களுக்கும் உரோமையிலிருந்து வாழ்த்துச் செய்தி வெளியாகி வருகிறது. எல்லாச் சமயமும் ஒன்றே என்று அதற்குப் பொருளில்லை. நானும் அப்படி நினைப்பவன் அல்லன். வேறுபாடு இருப்பதால்தானே வாழ்த்து வேலியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது!

இவ்வளவு தெளிந்தும் ஆசிரியருக்கு நான் வாழ்த்துச் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. துக்கத்தால் அவ்வாண்டு அவ்வீட்டில் பண்டிகையும் இல்லை. ஆனால் கிறிஸ்து பிறப்பு விழாக் காலையில் அவருடைய மகன் எங்கள் வாசலில் நின்றான். தந்தையைப் போலவே கைகுவித்து வாழ்த்துச் சொன்னான்.

மறு ஆண்டு தீபாவளியன்று பொழுது புலர்ந்ததும் நானே முந்திக்கொண்டு போனேன். "தீபாவளி வாழ்த்துக்கள் அம்மா" என்றேன். ஆசிரியரின் மனைவி ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு, "உட்காருங்கள் தம்பி, உங்கள் வீட்டுத் தட்டு தயாராக இருக்கிறது" என்றார். சாமிக்குப் படைத்த பண்டமோ என்று என் தாயார் ஆண்டுதோறும் கலங்குவதும், பரிமாறியதைக் கேள்வி கேளாது உண்ணலாம் என்ற புனித பவுலின் அறிவுரையைச் சொல்லி நான் தேற்றுவதும் நினைவுக்கு வந்தன. அந்த அம்மாள் தட்டை மூடியிருந்த வாழையிலையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் படைக்கவில்லை. உங்கள் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது எப்போதும் அவர் கட்டளை."