சவுக்குக்குப் பணியாத நாவு

ஆட்சியாளர் தவறிழைத்தால் அடங்கிப் போவதா, ஆயுதம் ஏந்துவதா? இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

ஹிஜ்ரி 218-ல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதென உலமாக்கள் ஒப்பவேண்டுமென்று கட்டளையிட்டார். பலர் அஞ்சி ஒப்பினர், இமாமவர்கள் மறுத்தார்கள். அடுத்த கலீஃபா முஃதஸிம் சவுக்கால் அடிப்பித்தும் அவர்கள் பணியவில்லை.

பின்னர் வாஸிக்கின் ஆட்சியில், பக்தாத் உலமாக்கள் சிலர் கிளர்ச்சி பற்றி ஆலோசிக்க வந்தபோது, முஸ்லிம்களின் இரத்தம் சிந்துமென்று தடுத்துப் பொறுமையைப் போதித்தார்கள். தம்மை அடித்த முஃதஸிமையும் மன்னித்தார்கள்.

இது கோழைத்தனமா? அடிக்கு அஞ்சியவர் சொன்னால் அப்படிக் கருதலாம். சொன்னவரோ அடிபட்டும் அசையாதவர். சத்தியத்துக்காகத் தம்முடலைக் கொடுத்தார்கள். பிறர் உயிரைப் பணயம் வைக்கவில்லை.

அசத்தியத்துக்கு ஆமாம் போடாத நாவையும், பழிவாங்கத் துடிக்காத நெஞ்சையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.