பிறக்கும் குட்டிக்கு யார் பொறுப்பு?



வளவில் நிற்கும் பெட்டை நாயை ஒருமுறையாவது குட்டி போட விடவேண்டும் என்று நம்மிற் பலர் சொல்வதுண்டு. அது நாயின் உடம்புக்கு நல்லது என்பர். தாய்மையை மறுப்பது பாவம் என்பாரும் உளர். சாதி நாயென்றால் குட்டிகளை விற்கலாம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும்.

குட்டி ஈன்றால்தான் நாய் சுகமாயிருக்கும் என்பதற்கு மிருக வைத்தியத்தில் ஆதாரமில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த நாய்க்கு, உயிரைப் பறிக்கக்கூடிய கருப்பைச் சீழ் நோய் வராது என்பதே உண்மை. தாய்மைக்காக நாய் ஏங்குகிறது என்பதோ நாமாக எண்ணிக்கொள்வது.

இனி, பிறக்கப்போகும் குட்டிகளை நினைத்துப் பாருங்கள். தாய் ஏறக்குறைய 63 நாட்கள் சுமந்து, ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் போடும். எட்டு வாரமாவது அவை தாயோடு இருக்கவேண்டும். அதன்பின் கடுவன் குட்டிகளை அயலவர் கேட்டு வாங்குவர். பெட்டைக் குட்டிகளை யார் கேட்கிறார்கள்? இரவோடிரவாக ஒரு பெட்டியில் வைத்து மீன் சந்தையடியிலோ கோவில் வாசலிலோ விட்டுவிட்டு, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். இது விசுவாசமன்று, நமது கடமையை அவர் தலையிற் சுமத்துவதாகும்.

பொறுப்பாளர் இல்லாத உயிர்களின் கதி என்னவென்று அறிய நாம் தூரம் போகவேண்டியதில்லை. மன்னார்த் தீவின் கழுதைகள் ஒருகாலத்தில் பொதி சுமந்தவை. லொறிகள் வந்தபின் அவற்றுக்கு வேலையில்லாமற் போயிற்று. எவரும் அவற்றைக் கொல்லச் சொல்லவில்லை, எவரும் பொறுப்பேற்கவுமில்லை. இன்று அவை தெருக்களில் அலைந்து, குப்பையில் பொலித்தீனைத் தின்று, வாகனங்களில் அடிபடுகின்றன.

தெருநாய்களைக் கொல்வதை இலங்கை அரசு 2006ஆம் ஆண்டில் நிறுத்தியது. அது நல்ல முடிவே. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதுமா? பசியும் சொறியும் விசர்நோயும் தெருவில் காத்திருக்கின்றனவே.

அப்படியானால் எவருமே நாயை இனம்பெருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படியன்று. நாயை இணைசேர்க்குமுன் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: பெட்டைகள் உட்பட ஒவ்வொரு குட்டியும் போகும் வீட்டை இப்போதே சொல்ல முடியுமா? ஒரு குட்டி திரும்பி வந்தால் உங்கள் படலை திறக்குமா? "ஆம்" என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இல்லையென்றால், கருத்தடைக்காக மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது அவருடைய நாயும் கூடப்போனதாகத் திருநூல் கூறுகிறது. நம் வீட்டிற் பிறக்கும் குட்டிக்கும், கூடப்போக ஒரு மனிதர் வேண்டும்.