கேட்பார் இல்லாத படி

கதிர்காமத்தில் நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், புதுவைப் பேச்சில் கலந்துள்ள பிரெஞ்சுச் சொற்களைப் பல்லாண்டுகளாகத் திரட்டி வந்தார். அவருக்குத் துணை நின்றது, 1855-இல் புதுவை மிஷன் அச்சகத்தில் முதல் தொகுதி வெளிவந்த தமிழ்-பிரெஞ்சு அகராதி. உறவினர் வீட்டுப் பரணில் கேட்பாரற்றுக் கிடந்த படி அது. தம் தொகுப்பை அச்சிட முனைந்தபோது, 500 படிகளாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றனர் அச்சகத்தார். அத்தனை பேர் வாங்கக்கூடிய நூல் அன்று அது. கைப்பிரதி பெட்டிக்குள் போயிற்று.

அண்மையில் அந்நூல் வெளிவந்துவிட்டது. ஒருவர் கேட்டால் ஒரு படி என்னும் புதிய முறை இது. அச்சுத்தகடு வேண்டியதில்லை, கணினியிலுள்ள பக்கங்கள் நேரே தாளில் பதிகின்றன. படியின் விலை சற்றுக் கூடுதல்; ஆனால் முதல் முடங்குவதில்லை. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் வேரூன்றிய இம்முறை, இன்று சென்னை, பெங்களூரு நிறுவனங்கள் வழியே நம்மிடமும் வந்துள்ளது. ஆய்வேடுகளுக்கும் வட்டார அகராதிகளுக்கும் இது பெருங்கொடை, ஐயமில்லை.

ஆயினும் ஒரு வினா நம்மை உறுத்துகின்றது. கேட்பவர் இருந்தால்தான் நூல் இருக்க வேண்டுமா?

சேசு சபைத் துறவி அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதியை எண்ணிப் பார்ப்போம். 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. ஆசிரியர் 1666-இல் மறைந்தார். நூல் 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. எழுதியவர் அச்சுப்படியைக் கண்ணால் காணவில்லை. இன்று அறியப்பட்ட ஒரே படி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அதைக் கொண்டே 1966-இல் தனிநாயகம் அடிகளார் கோலாலம்பூரில் மறுபதிப்பு வெளியிட்டார். இடையில் 287 ஆண்டுகள்! கேட்டவர்களுக்கு மட்டும் அன்று அச்சிட்டுக் கொடுத்திருந்தால், அப்படிகள் அவர்கள் கைகளிலேயே நைந்து மறைந்திருக்கும். கடல் கடந்து சென்று வாசகருக்காகக் காத்திருந்த படியே எஞ்சியது.

கணினிக் கோப்பு அழிவதில்லையே என்பர் சிலர். அதை வைத்திருக்கும் நிறுவனம் மூடப்பட்டால்? ஆசிரியருக்குப் பின் அதை யாரும் கவனியாவிட்டால்? விற்பனைப் பட்டியலில் பெயர் இருப்பது வேறு; அலமாரியில் நூல் இருப்பது வேறு. முன்னைய பதிப்பாளர், விற்குமோ விற்காதோ என்று அஞ்சியவாறே அச்சிட்டார். அவர் ஏற்ற நட்டம் ஊருக்குச் சேமிப்பாயிற்று. இப்போது நட்டமும் இல்லை, சேமிப்பும் இல்லை.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் படிகள் அனுப்ப வேண்டும். தாமே பதிப்பாளராகிவிட்ட ஆசிரியருக்கும் இக்கடமை உண்டு.

நம் நண்பரிடம் இதைக் கேட்டோம். ஆறு படிகள் வரவழைத்து, ஆறையும் உறவினருக்குக் கொடுத்திருந்தார். “நூலகத்திலிருந்து யாரும் கேட்கவில்லையே, ஐயா” என்றார்.

மறுவாரம் அவருடன் சேர்ந்து நாமும் ஐந்து படிகளுக்குப் பணம் கட்டினோம். நான்கு, சட்டம் சொல்லும் நூலகங்களுக்கு. ஒன்று, நம் புதுவை ரோமன் ரோலன் நூலகத்துக்கு.