மூக்கும் ஒரு சாட்சி

பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் போகிறோம். காது மந்தமானால் வீட்டிலுள்ளவர்களே சொல்லிவிடுகிறார்கள். மோப்பம் குறைவதை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்று நினைக்கிறேன். உண்ட சோற்றை உடல் எவ்வளவு எரிக்கிறது, எவ்வளவு சேர்த்து வைக்கிறது என்ற கணக்கில் மூக்குக்கும் பங்கு இருக்கிறது.

மணத்தை முதலில் வாங்கும் மூளைப் பகுதியில் இன்சுலினை உணரும் ஏற்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. பசியைத் தூண்டும் கிரெலின், நிறைவைச் சொல்லும் லெப்டின் ஆகிய ஹார்மோன்களும் அங்கே வேலை செய்கின்றன. பசித்தவனை அடுத்த வீட்டுத் தாளிப்பு இழுப்பதும், வயிறு நிறைந்தபின் அதே மணம் சலிப்பதும் இதனால்தான். மூக்கிலிருந்தும் உடலுக்குச் செய்தி போகிறது. உணவைக் கண்டு முகர்ந்தாலே போதும், தின்பதற்கு முன்பே எலிகளின் கல்லீரல் தயாராகிவிடுகிறது என்று ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், மோப்பம் இழந்த எலிகளும் இழக்காத எலிகளும் ஒரே அளவு கொழுப்புணவைத் தின்றன. மோப்பம் இழந்தவை மற்றவற்றைப் போலப் பருக்கவில்லை.

எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்குமா என்று கேட்பது நியாயம். அப்படியே நடக்காது. மோப்பம் போனால் மெலியலாம் என்று ஆசைப்படவும் வேண்டாம். அந்த எலிகளின் உடலில் நோர்அட்ரினலின் என்னும் ஹார்மோன் உயர்ந்திருந்தது, அது இதயத்துக்கு நல்லதல்ல. மனிதரிடமோ, பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு மோப்பம் குன்றியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எது காரணம், எது விளைவு என்பது அடுத்த கேள்வி. நீடித்த சர்க்கரை நுண்ணிய நரம்புகளைக் கெடுக்கும். மணம் தெரியாதவர் ருசிக்காக உப்பையும் இனிப்பையும் கூட்டிக்கொள்ளக்கூடும். இரண்டு பக்கமும் வழி திறந்தே இருக்கிறது. மோப்பக் குறைவு வெறும் அறிகுறியாகவே இருந்தாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. காய்ச்சலும் நோய்க்குக் காரணமல்ல, அறிகுறிதான். ஆனாலும் அதை அளக்கிறோம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 முதல் 85 வயது வரையிலான சுமார் 3,000 அமெரிக்கர்களின் மோப்பத்தைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மோப்பம் அற்றவர்களில் 39 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குள் இறந்திருந்தார்கள். மோப்பம் சரியாக இருந்தவர்களில் 10 சதவீதத்தினர். மோப்பமின்மை அவர்களைக் கொல்லவில்லை. உள்ளே நடந்த சிதைவுக்கு அது சாட்சியாக நின்றது.

தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பவர்களுக்கும் விடை உண்டு. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைத் தினமும் இருவேளை, 12 வாரம் முகரும் பயிற்சியால் சிலருக்கு மோப்பம் தேறியதை 2009இல் ஜெர்மானிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதைவிட முக்கியம் கவனம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப் போகும் நாளில் மோப்பத்தைப் பற்றியும் பேச வேண்டும். சளி இல்லாத நாளிலும் காபியின் மணம் எட்டவில்லையென்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லுங்கள்.