முன்பல்லும் பீங்கானும்

உஹதுப் போர்க்களத்திலே, ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், எதிரிகளின் கல்லடி பட்டு நம் பெருமானார் (ஸல்) அவர்களின் முன்வரிசைப் பல்லொன்று உடைந்தது. தலைக்கவசம் நொறுங்கித் திருமுகத்தில் இரத்தம் வழிந்தது. அலீ (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். கழுவக் கழுவ இரத்தம் பெருகியதே தவிர நிற்கவில்லை. உடனே பாயின் துண்டொன்றை எரித்து, அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து அடைத்தார்கள். இரத்தம் நின்றது.

படைப்புகளிலெல்லாம் மேலான அவர்களின் பல்லே உடைந்ததென்றால் நம் பல் எம்மாத்திரம்! ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. கைக்கு எட்டிய மருந்தைச் செய்யாமல், "அல்லாஹ் விட்ட வழி" என்று அந்தப் புனிதக் குடும்பத்தார் கைகட்டி நிற்கவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கும் கடிதம். அவருடைய மகளுக்கு வயது இருபது. சிறு வயதிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவள். முன்பற்களில் பழுப்பு நிறக் கறையும், அங்கங்கே அரித்த குழிகளும். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். பெண் இப்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறாளாம். பல் மருத்துவர் ஒருவர், "முன்பற்கள் எட்டையும் சுற்றிலும் சீவி, ஜிர்கோனியா கேப் போட்டுவிடலாம். இருப்பதிலேயே உறுதியானது அதுதான். ஒரு வாரத்தில் வேலை முடியும்" என்றாராம். உறவினரான பெரியவர் ஒருவரோ, "அல்லாஹ் படைத்ததை மாற்றுவது ஹராம், கை வைக்காதே" என்று தடுத்துவிட்டாராம். எந்தப் பேச்சைக் கேட்பது என்று அந்தத் தாய் கேட்கிறார்.

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம்.

அந்தப் பெரியவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களும், இறைவனின் படைப்பை மாற்றுவோரும் சாபத்திற்குரியோர் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வயது கூடிய பெண்கள் தம்மை இளையவர்களாகக் காட்டிக்கொள்ள அக்காலத்தில் செய்த வேலை அது. ஆனால் அந்த ஹதீஸிலேயே "அழகுக்காக" என்ற சொல் வந்திருக்கிறது. முஸ்லிம் நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்குவதற்காகவோ செய்தால் குற்றமில்லை என்று தெளிவாக்கினார்கள்.

அர்ஃபஜா (ரலி) என்ற நபித்தோழரின் வரலாறு இதற்கு இன்னொரு சான்று. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அதில் துர்நாற்றம் வந்தது. தங்கத்தால் செய்து வைத்துக்கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்களே சொன்னார்கள். ஆணுக்குத் தங்கம் ஆகாது என்று சட்டம் இருந்தும், தேவைக்கு வழி திறந்தது. இதை வைத்தே ஷாஃபிஈ மத்ஹபில் தங்கப் பல் ஆகுமென்றார்கள். ஹனஃபி மத்ஹபில் ஆடும் பல்லை வெள்ளியால் கட்டலாம், தங்கத்தால் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. தங்கமும் ஆகும் என்பது அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கூற்று. பீங்கான் வந்த பிறகு இந்த வழக்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பல்லின் நிறத்திலேயே பொருள் கிடைக்கும்போது தங்கத்தைத் தேடுவானேன்?

ஆக, தண்ணீரால் வந்த கறையும் குழியும் குறைதான். அந்தப் பெண் அதை நீக்கிக்கொள்வதை நாம் தடுக்க மாட்டோம். ஆனால் கல்யாண வீடியோவிலே பல் பளீரென்று தெரிய வேண்டும் என்பதற்காக, நோயும் குறையும் இல்லாத பற்களை அறுக்கக் கொடுக்கிறார்களே இன்றைய மாப்பிள்ளைகளும் பெண்களும், அவர்களுக்கு இந்தச் சலுகையைத் தூக்கிக் கொடுக்க நமக்குத் துணிவில்லை.

இனி, எந்தப் பீங்கான் என்ற கேள்வி. இதில் மருத்துவரின் பேச்சையும் அப்படியே ஏற்க நம்மால் முடியவில்லை.

பல்லின் மேலிருக்கும் எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். கைநகம் வெட்டினால் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் ஒரு முறை போனால் போனதுதான், மீண்டும் வளராது. முன்பல்லின் ஈறோரத்தில் அது அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். சுற்றிலும் சீவிக் கேப் போடுவதென்றால் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் என்று பல்லைக் குறைக்க வேண்டும். வெனீர் என்கிறார்களே, முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடு, அதற்கு அரை மில்லிமீட்டர் அளவு சீவினால் பெரும்பாலும் போதும். அல்லாஹ் கொடுத்த அமானிதத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே இங்கே முதல் கணக்கு.

பல் பீங்கானில் மூன்று வகைகளை நம் வாசகர்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பழையது ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்திலிருந்து செய்வது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் லேண்ட் 1903ஆம் ஆண்டில் முழுப் பீங்கான் உறையை அறிமுகப்படுத்தியதும் இந்த வழியில்தான். கைதேர்ந்தவர் அடுக்கடுக்காகப் பூசிச் சுட்டெடுத்தால், வெளிச்சம் ஊடுருவும் விதத்தில் அசல் பல்லை இதுபோல் ஒத்திருப்பது வேறில்லை. ஆனால் வலிமை குறைவு. வளைக்கும் விசையைத் தாங்குவது நூறு மெகாபாஸ்கல் அளவுதான். அதோடு, அந்த ஊடுருவும் தன்மையே கறை பிடித்த பல்லுக்கு எதிரி. மெல்லிய வெள்ளைத் துணிக்கு அடியில் கறுப்புச் சட்டை தெரிவதுபோல் உள்ளேயிருக்கும் பழுப்பு வெளியே தெரியும்.

இரண்டாவது லித்தியம் டைசிலிக்கேட். இதுவும் கண்ணாடி இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகங்கள் பின்னிக் கிடப்பதால் நானூறு மெகாபாஸ்கல் அளவுக்குத் தாங்கும். வெளிச்சம் அதிகம் ஊடுருவும் வகை, குறைவாக ஊடுருவும் வகை என்று பல தரங்களில் வருகிறது. கறையை மறைக்க வேண்டிய இடத்தில் குறைவாக ஊடுருவுவதைத் தேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது ஜிர்கோனியா. ஆயிரம் மெகாபாஸ்கல் அளவுக்குத் தாங்கும் வகைகள் இதில் உண்டு. ஆகவே மருத்துவர் சொன்ன "உறுதியானது" என்ற சொல் பொய்யல்ல. ஆனால் உறுதி வேறு, பிடிப்பு வேறு. கண்ணாடி இனப் பீங்கானின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து, சைலேன் என்ற மருந்து தடவி ஒட்டினால் அது எனாமலோடு ஒன்றிப்போகும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. அந்த அமிலம் அதனிடம் வேலை செய்யாது. துகள் வீசிச் சொரசொரப்பாக்கி, வேறு மருந்து தடவித்தான் ஒட்ட வேண்டும். மெல்லிய ஓட்டை அவ்விதம் ஒட்டுவதில் முன்னதற்குள்ள நம்பிக்கை இதற்கு இல்லை. ஆகையால்தான் ஜிர்கோனியா என்றதும் பல்லைச் சுற்றிச் சீவித் தொப்பி மாட்டுவதுபோல் மாட்டுகிறார்கள். வலுவான பொருளுக்காகப் பல்லின் வலுவை இழப்பதா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதைத்தான் மருத்துவரிடமும் கேட்கச் சொல்கிறோம்.

ஜிர்கோனியாவை நாம் வெறுக்கவில்லை. கடைவாய்ப் பல்லுக்கும், வேர் சிகிச்சை செய்து பாதிக்கு மேல் உடைந்துபோன பல்லுக்கும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் அது பொருத்தமாக இருக்கலாம். அதை நன்றாக மெருகேற்றி வைக்க வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்வரிசைப் பல்லை அராவிவிடும். உள்ளே உலோகமும் மேலே பீங்கானுமாகச் செய்யும் பழைய கேப் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதன் குறை, நாளாவட்டத்தில் ஈறு இறங்கும்போது ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரிவது. முன்பல்லுக்கு அது வேண்டாம் என்பது நம் கருத்து.

"பீங்கானில் எலும்புச் சாம்பல் சேர்ப்பார்களே, அது எந்தப் பிராணியின் எலும்போ?" என்று சிலர் தயங்குகிறார்கள். தேநீர்க் கோப்பைகளில் ஒரு வகைக்கு எலும்புச் சாம்பல் சேர்ப்பது உண்மை. மேலே சொன்ன பல் பீங்கான்கள் அவ்விதமல்ல. மூன்றும் மண்ணிலிருந்து எடுக்கும் கனிமங்களால் ஆனவை. ஜிர்கோனியாவுக்கு மூலமான ஜிர்கான் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. ஒட்டும் மருந்துகள் சிலவற்றில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது. அதைக் காற்று அடித்து உலர்த்திய பிறகே ஒட்டுகிறார்கள். ஸ்பிரிட் கலந்த மற்ற மருந்துகளுக்கு உங்கள் ஊர் ஆலிம் என்ன சட்டம் சொல்கிறாரோ அதுவே இதற்கும்.

ஒளூவில் வாய் கொப்பளிப்பது இரு மத்ஹபிலும் சுன்னத். கடமையான குளிப்பில் ஹனஃபிகளுக்கு அது ஃபர்ளு, ஷாஃபிஈகளுக்குச் சுன்னத். நிலையாக ஒட்டிய பீங்கான் பல்லின் இடத்தையே பெற்றுவிடுகிறது. அதன் மேல் தண்ணீர் பட்டால் குளிப்பு நிறைவேறும். கழற்றி மாட்டும் பல் செட் வைத்திருப்போர் குளிப்பின்போது அதைக் கழற்றிக்கொள்வதே பேணுதல். மரணித்த பிறகு அந்தப் பல்லை என்ன செய்வது என்றும் கேட்பவர்கள் உண்டு. ஒட்டியிருப்பதைப் பிடுங்கி மய்யித்தை நோவிக்கக் கூடாது. அப்படியே அடக்க வேண்டியதுதான்.

இனி அந்தத் தாய்க்கு நாம் எழுதிய பதிலின் சாரம்.

எடுத்த எடுப்பில் பீங்கானுக்குப் போகாதீர்கள். ஃபுளோரைடுக் கறை மேலோட்டமாக இருந்தால் மெல்லிய அமிலத்தாலும் பொடியாலும் தேய்த்து எடுக்கும் முறை உண்டு. பல்லை வெளுக்கும் மருந்து உண்டு. குழிகளைப் பல் நிறக் காம்போசிட்டால் அடைக்கலாம். இவை அழகில் பீங்கானுக்குச் சற்றுக் குறைந்தாலும் பல் மிஞ்சும். வெளுத்த பிறகு இரண்டு வாரமாவது பொறுத்துத்தான் எதையும் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்புக் குறையும். பீங்கானை ஒட்டிய பின் அதை வெளுக்க எந்த மருந்தாலும் ஆகாது. ஆகவே முன்னது முன்னதாக நடக்கட்டும்.

இவ்வளவும் செய்து போதாதென்றால், கறை ஆழமான பற்களுக்கு மட்டும் லித்தியம் டைசிலிக்கேட் வெனீர் ஆகுமா என்று கேளுங்கள். எட்டும் வேண்டியதில்லை, நான்கு போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். ஃபுளோரைடு மிகுந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. இந்த வேலையில் பழக்கமுள்ள கையாக இருக்க வேண்டும். பல்லைச் சீவுமுன் மெழுகில் வடிவம் செய்து, தற்காலிகப் பொருளால் வாயில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெண் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துப் பேசிப் பார்க்கட்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் தேர்ந்தெடுங்கள். அதுவும் முதல் வேலையாக. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். நோன்பு மாதத்தைத் தவிர்த்து நாள் வாங்கினால் தண்ணீர் தொண்டைக்குள் போகுமோ என்ற கவலை இல்லை.

இன்னொன்றும் எழுதினோம். எந்தப் பீங்கானும் ஆயுள் முழுவதற்குமல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற நேரிடலாம். இருபது வயதில் தொடங்குபவள் எத்தனை முறை அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்! ஒவ்வொரு முறையும் பல் சற்றுக் குறையும். இதை அவளிடமே சொல்லி, அவள் சம்மதத்தோடு செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். "எங்கள் ஊர்த் தண்ணீரால் வந்த கறை, சரிசெய்திருக்கிறோம்" என்று சொல்வதில் என்ன வெட்கம்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கறை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதற்காகவே 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது.

அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் தாய் போகிற போக்கில் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார். வீட்டில் நான்கு வயதுப் பையனொருவன் இருக்கிறான். அவனுக்குப் பால்பற்கள் முத்துப்போல் இருக்கின்றனவாம். குழாய் நீர் வராத நாட்களில் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறாராம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். அவனுடைய நிலையான முன்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு புட்டியில் அந்தக் கிணற்று நீரை எடுத்துக்கொண்டு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு இந்த வாரமே போய் வரும்படி எழுதியிருக்கிறோம். மகளின் பல்லைப் பற்றிய யோசனை அடுத்த மாதம் வரை பொறுக்கும்.