பச்சைக்கு அடியில்

விடுமுறையில் கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்கிறார்கள். மலைச்சரிவு, மூடுபனி, ஓர் ஏரி, நடுவில் ஒட்ட வெட்டிய புல். ஊட்டியா, கொடைக்கானலா, நுவரெலியாவா என்ற கேள்விக்கு எந்தப் படம் மனதைப் பிடிக்கிறதோ அதுவே பதில். ஓய்வுக்காகப் போகிறவர் கண்ணுக்கு இதமான இடத்தைத் தேடுவதில் குற்றம் இல்லை. ஆனால் மந்தாரக்குப்பத்தில் வாழ்கிறவருக்கு அந்தப் படம் பாதிதான் சொல்கிறது. இந்த ஊரை ஒட்டி எழுந்து நிற்கிற குன்றுகள் இயற்கை எழுப்பியவை அல்ல. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை, 1957-ல் நெய்வேலிச் சுரங்கப் பணி தொடங்கிய காலத்திலிருந்து வாரிக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடுகள் அவை. மரம் வைத்த பக்கம் பச்சையாக இருக்கிறது. வெளியூர்க்காரர் அதை மலை என்றே நினைத்துப் படம் எடுப்பார். முந்திரியும் கம்பும் விளைந்த கிராமங்கள் போன இடத்தில் அது நிற்கிறது என்பது படத்தில் வராது. அதனால் என் வாதம் இதுதான்: கோல்ஃப் மைதானத்தின் அழகை எடைபோடும்போது, அந்த மண் முன்பு என்னவாக இருந்தது, யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். அது அழகுக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல, அழகின் ஒரு பகுதி.

கோல்ஃபின் பிறப்பே இதற்குச் சாட்சி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட்டம் வளர்ந்த நிலம் கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடந்த மணல்வெளி. ஏர் பூட்ட உதவாத மண், உப்புக்காற்று, ஆடு மேய்கிற குட்டைப் புல். யாருடைய சோற்றிலும் மண் அள்ளிப் போடாமல் ஆட்டம் அங்கே குடியேறியது. அந்த மணல்வெளியில் இருந்த குழிகளைத்தான் பிற்காலத்தில் உலகமெங்கும் செயற்கையாக வெட்டிப் ‘பங்கர்’ என்று வைத்தார்கள். பந்தைக் குழிக்குள் தட்டும் இன்றைய ‘கிரீன்’ ஒன்றை வெட்டிப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் செய்யப்பட்ட பொருள் என்பது தெரியும். மேலே சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய புல், அதன்கீழ் ஓர் அடி அளவுக்குச் சலித்த மணல், அதற்கும் கீழே சரளைக்கல், வடிகுழாய். சுரங்கத்தின் வெட்டுமுகத்திலும் இப்படித்தான் அடுக்கடுக்காகத் தெரியும்: செம்மண், களிமண், மணற்பாறை, அடியில் கரும்பழுப்பாக நிலக்கரி. ஒன்றை இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் அடுக்கியது, மற்றதை ஒப்பந்தக்காரர் சில மாதங்களில் அடுக்குகிறார். செயின்ட் ஆண்ட்ரூஸில் மண் தானாகக் கொடுத்ததை இன்றைய கிரீனுக்கு லாரியில் கொண்டுவந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரப்புவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிடுகிறது.

ஊட்டியின் கோல்ஃப் மைதானம் இருக்கிற வென்லாக் டவுன்ஸ் புல்வெளியை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அது வெறும் வெளியாக, தங்கள் ஊர்ப் புல்மேடாகத் தெரிந்தது. அங்குள்ள பழங்குடிகளான தோடர்களுக்கு அது எருமைகளின் மேய்ச்சல் நிலம், கோயில் கூரைக்குப் புல் தந்த இடம், மழையைப் பிடித்துவைத்து ஓடையாக விடுகிற நீர்த்தொட்டி. நீலகிரியின் புல்வெளியில் பெரும்பகுதி சீகையும் தைலமரமும் நட்டதில் அழிந்தது. இங்கே ஒரு மறுப்புக்கு இடம் உண்டு: கோல்ஃப் மைதானம் இல்லாதிருந்தால் மிச்சமும் கட்டிடமாகியிருக்காதா? சென்னை கிண்டியிலும் நந்தனத்திலும் கோல்ஃப் ஆடிய நிலங்கள் நகரத்துக்கு நடுவே திறந்த வெளியாக நின்றதும் இதே வாதத்துக்குத் துணைபோகும். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பாற்றப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். ஒரே இனப் புல்லை ஒரே உயரத்துக்கு வெட்டி வைப்பதும் புல்வெளியைக் காப்பதும் ஒன்றல்ல. ஆட்டத்துக்கு வேண்டிய கீற்று போக, ஓரங்களைச் சோலைக்கும் முரட்டுப் புல்லுக்கும் விட்டுவைத்திருக்கிற மைதானம் என்றால் நான் அதற்கு ஓட்டுப் போடுவேன். கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய மைதானத்தில் காட்டெருமைகள் மேய்ந்து போகின்றன. ஆடுகிறவர் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அந்த ஒதுங்கல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இலங்கையில் கண்டிக்கு அருகே ரஜவெல்லவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு மைதானம் இருக்கிறது. மூன்று பக்கமும் நீரும் மலையும் தெரிகிற அந்தக் காட்சியைப் புகழாத பயணக் கட்டுரை குறைவு. 1980-களில் அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய ஊர் அந்த நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டிடங்களின் மிச்சம் தலைகாட்டும். நுவரெலியா மைதானத்தைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளின் கதையும் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 1948-ன் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அங்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லா மண்ணுக்கும் ஒரு துயரம் இருக்கும், அதையெல்லாம் கணக்குப் பார்த்தால் வீட்டைவிட்டு நகர முடியாது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் எல்லாத் துயரமும் ஒரே எடை அல்ல. கைவிட்ட மணல்வெளியில் ஆடுவதற்கும், நேற்றுவரை நாற்று நட்ட வயலில் ஆடுவதற்கும் வித்தியாசம் உண்டு. போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போனால், மட்டைப் பையைச் சுமந்து வரும் ‘கேடி’யிடம் அவருடைய ஊர் எது என்று கேட்கவாவது தோன்றும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பாழான நிலம் திரும்பப் பச்சையான இடங்களுக்கே என் முதல் இடம். கோலாலம்பூர் அருகே செரி கெம்பாங்கானில் வெள்ளீயம் தோண்டிய பெருங்குழி இன்று ஏரி. அதன் கரையிலுள்ள ‘மைன்ஸ்’ மைதானத்தில்தான் 1999-ன் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பாஸ்பேட் சுரங்கம் கொட்டிய மணல்மேடுகள் மீது 2012-ல் ஸ்ட்ரீம்சாங் திறந்தது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது மொன்டானா மாநிலத்தின் அனகோண்டா. செம்பு உருக்கிய ஆலை விட்டுப்போன நச்சுமண்ணை மூடி, மேலே நல்ல மண் பரப்பி, 1997-ல் ‘ஓல்டு வொர்க்ஸ்’ என்ற மைதானம் அமைத்தார்கள். பொதுமக்கள் யாரும் கட்டணம் கட்டி ஆடலாம். அங்கே பங்கர்களில் கிடப்பது வெண்மணல் அல்ல, உருக்காலையின் கருங்கசடு. பச்சைக்கு நடுவே கன்னங்கரேலென்று அது கிடக்க, பழைய சூளைச் சுவர்களும் பக்கத்தில் நிற்கின்றன. நடந்ததை மறைக்காமல் வைத்திருப்பதுதான் அந்த இடத்தின் அழகு.

சுரங்க நிறுவனங்கள் தோண்டிய பாவத்தைப் புல் போட்டு மூடிக்கொள்ள இது வழியாகாதா என்பது கடினமான மறுப்பு. நெய்வேலிப் பக்கத்தில் அது வெறும் தர்க்கம் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த மண்ணைக் காலம் கழித்துப் பச்சையாக்கிக் காட்டினாலும் அந்தப் போகம் திரும்பாது. ஆகவே ஆறிய நிலத்தை விரும்புவது தோண்டியதற்குச் சம்மதம் ஆகிவிடக் கூடாது. நிலம் இழந்தவர்களுக்குப் போனது போக மிஞ்சியதில்தான் விளையாட்டுக்கு இடம். இங்குள்ள மண்மேடுகளில் கோல்ஃப் மைதானம் அமைக்கலாமே என்று நாளை யாராவது கேட்டால் என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் ஓடும். அப்படி இறைத்த தண்ணீரில் சுற்றியுள்ள வயல்கள் நனைகின்றன. மேட்டில் முந்திரி நிற்கட்டும், ஆடு மேயட்டும். அந்தத் தண்ணீர் முதலில் நெல்லுக்குப் போகட்டும்.