அலைவரிசையும் அமானிதமும்

நோன்பு இருபத்தொன்பது முடிந்த மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் பேசமாட்டார்கள். வாப்பா வானொலியின் முள்ளை மெல்லத் திருப்பி முஸ்லிம் சேவையில் நிறுத்துவார். கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறைச் செய்தி வந்த பிறகுதான் உம்மா வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவ எழுவார். ஒரு குரலை ஊரே நம்பிய காலம் அது. இன்று வாட்ஸ்அப் வானொலியை முந்திவிடுகிறது. சில வேளை போன வருடத்துப் பிறையே வந்து சேர்கிறது.

"சேர், டீவிக்கு லைசன் இருக்கு, யூடியூப்காரனுக்கு இல்ல. அப்ப டீவி சொல்றதுதானே சரி?" என்று தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான். குடியியல் பாடநூலில் இதற்கு விடையில்லை.

ஒலிபரப்புக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதற்குத் தெளிவான நியாயம் இருந்தது. அலைவரிசைகள் அளவானவை, ஒருவர் பிடித்தால் மற்றவருக்கு இல்லை. 1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அவை பொதுமக்களின் சொத்து, அரசாங்கம் அவற்றின் நம்பிக்கைப் பொறுப்பாளரே, ஆகவே மேற்பார்க்கும் சபை அரசாங்கத்தின் பிடியில் இருக்கலாகாது என்றது. நமது பாஷையில் சொன்னால் அமானிதம்.

இணையத்தில் அந்தத் தட்டுப்பாடு இல்லை. பழைய நியாயம் போய்விட்டது, தீங்கு போகவில்லை. 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது முகநூல் வெறுப்பை ஊருக்கு ஊர் சுமந்தது. அரசாங்கம் அதைச் சில நாட்கள் முடக்கியது. நான் ஆறுதலடைந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் 2019 மேயில், குருநாகல் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீதான, நிரூபிக்கப்படாத கருத்தடைக் குற்றச்சாட்டை வீடுதோறும் கொண்டுசேர்த்தவற்றில் அனுமதிப்பத்திரம் பெற்ற அலைவரிசைகளும் இருந்தன. அடுத்த மே மாதம், 'நவரசம்' கவிதைத் தொகுதியைக் காரணம் காட்டி அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். அவரும் என்னைப் போல் ஓர் ஆசிரியர். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில்தான். 2018இல் இருந்த அரசாங்கம் வேறு, 2020இல் இருந்தது வேறு. நல்லதற்கென்று நாம் ஒருவர் கையில் கொடுக்கும் அதிகாரம் அவரோடு போய்விடுவதில்லை. அடுத்தவர் கைக்கு அப்படியே மாறுகிறது.

2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வாசித்தபோது இதுவே என்னை உறுத்தியது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர், எது பொய்யான கூற்று என்று பார்ப்பார்கள். ஐவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஒரு தமிழ்க் கவிதையின் அங்கதம் அவர்களில் எத்தனை பேருக்குப் புரியும்?

சட்டமே வேண்டாம் என்று சொல்ல திகன என்னை விடாது. அலைவரிசையோ யூடியூபோ, பொய்யால் அடிபட்டவனின் மறுப்பை, பொய் வெளியான அதே நேரத்தில், அதே நீளத்தில், அதே மொழியில் வெளியிடக் கட்டாயப்படுத்தும் சட்டம் வரட்டும். வாயை மூடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அப்பால் எவரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

மாணவனுக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அந்த வைத்தியரைப் பற்றிச் சொன்னதை எந்தெந்த அலைவரிசை திருத்தியது என்று தேடி எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.